இரண்டு ஃப்ளைவீல்

1

அண்ணன் மாதையன் இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. தந்தி என் கைக்கு வந்தபோது அங்கே பால் தெளித்து முடித்திருந்தார்கள். நான் போகவில்லை. போயிருந்தாலும் மண்ணைத்தான் பார்த்திருப்பேன்.

அவர் இருந்தவரை இதை எழுதியிருக்க மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். டவுன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பள்ளத்தில் இறங்கி, பஸ்ஸுக்குக் கீழே நின்று வேலை. மனைவி ராஜம்மா. ஒரே பையன் சேகர். சொந்த ஊர் தர்மபுரி ஜில்லா நல்லம்பள்ளி.

வெளியே வந்தவர்கள் ஊர்ப் பத்திரிகைகளில் எழுதுவதைப் படித்திருக்கிறேன். பனி, ரயில், ராணி அரண்மனை என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வராது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவன். எனக்குத் தெரிந்தது கிளச். அதைத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குப் பின்னால் கனமான இரும்பு வட்டு ஒன்று இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலம். ஃப்ளைவீல் என்பார்கள். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். கிளச் பிளேட் அதன் முகத்தில் வந்துதான் அழுந்தும். பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் பிடிக்கும். மேட்டில் பாதி மிதித்தபடியே ஓட்டினால் இரண்டும் உரசி, சூடேறி, வட்டின் முகம் நீலம் பாய்ந்துவிடும். முடி மாதிரி விரிசலும் விடும். அந்த முகத்தில் புது பிளேட் நிற்காது. ஒன்று, வட்டைக் கடைசல் லேத்தில் கட்டி முகத்தை ஒரு கட் சீவி எடுத்துச் சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வட்டையே புதுசு போட வேண்டும்.

எது செய்வது என்ற கேள்வி எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தடவை வந்தது.

2

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் இங்கே மழை இல்லை. புல்லெல்லாம் வைக்கோல் நிறம். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேல் எட்டி, உங்கள் ஊர் வெயிலைக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்று என்னிடம் சொன்னார். நான் ராஜம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அங்க கொறஞ்சிருக்கணுமே. உங்கண்ணனுக்கு எழுதிக் கேளுங்க" என்றாள்.

அந்தக் கோடையில்தான் சேகர் வீட்டை விட்டுக் கிளம்ப இருந்தான். வயது பத்தொன்பது. டயர் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த சம்பளத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். இரண்டு சீட்டு. சிவப்பு. தெற்கே கடலோர ஊரில் ரேஸ் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டும் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. வெளியே நூறு பேர் அதற்குக் காத்திருப்பார்கள். இவன் கையைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காரை ஓட்டிக்கொண்டே அங்கே போய் இறங்குவதாக இருந்தான். ஆனால் கிளச் வழுக்கியது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

நானும் அவனும் பின்முற்றத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம்.

அவன் இங்கிலீஷில்தான் பேசுவான். சின்ன வயசிலேயே இங்கே வந்துவிட்டவன். தமிழ் புரியும், இப்போது வாயில் வராது. நான் தமிழில் பேசுவேன். எனக்கு இங்கிலீஷ் டிப்போ அளவுக்குத்தான். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் பேச ஒன்றும் இருக்காது. ராஜம்மா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் சிநேகிதர்கள் யார், எந்தப் பெண்ணோடு சினிமாவுக்குப் போகிறான், எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் வண்டிக்குக் கீழே படுத்துவிட்டால் பேச்சே தேவையில்லை. நான் கையை நீட்டினால் சரியான ஸ்பேனர் உள்ளங்கையில் வந்து விழும். இந்த நாட்டில் எனக்கும் என் பையனுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான். அவன் பேசும் இங்கிலீஷை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"இந்த மாதிரி வண்டி மேல் எனக்கு ஆசை எங்கே வந்தது தெரியுமா, டாட்? நல்லம்பள்ளியில். பட்டறைக்கு ஒரு பச்சைக் கார் வந்ததே. பெரியப்பா என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னார். அந்த ஊரில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் நாள் அது ஒன்றுதான்."

நான் வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தேன். என் முகம் அவனுக்குத் தெரியாது. "போல்ட்டைப் பிடி" என்று மட்டும் சொன்னேன்.

3

அண்ணன் பட்டறை நல்லம்பள்ளி ரோட்டோரம், புளியமரத்தடியில் இருந்தது. எஞ்சினைத் தூக்க அந்த மரத்துக் கிளையில்தான் செயின் கட்டுவோம். சேலத்திலிருந்து வரும் லாரிகள் தொப்பூர் கணவாய் ஏறித்தான் எங்கள் பக்கம் வரும். ஏறுவதற்குள் பாதி லாரிக்குக் கிளச் தீய்ந்துவிடும். லாரி வந்து நிற்கும் முன்னே அந்த வாடை வந்துவிடும். அதுதான் எங்கள் பிழைப்பு. லாரி ஃப்ளைவீலில் அண்ணன் பார்க்காத விரிசல் கிடையாது.

பச்சைக் காரை ஒரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. கோயம்புத்தூர் மில்காரர் மகன், சின்ன வயசு. பெங்களூர்ப் பக்கம் ரேஸுக்குப் போகிறவன். கணவாயில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கிளச்சைப் பாதி மிதித்தபடியே ஏறியிருக்கிறான்.

ஊரே கூடிவிட்டது. அப்படி ஒரு வண்டியை எங்களில் யாரும் பார்த்ததில்லை. தரையோடு தரையாகக் கிடந்தது. டீக்கடை ராமு கவுண்டர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏம்பா, இதுல ரெண்டு பேருதான் உக்கார முடியுமா? மூணாவதா ஒரு கொழந்த பொறந்தா என்னா பண்ணுவ?"

"இன்னும் கல்யாணமே ஆகலீங்ணா" என்றான் அவன்.

"அப்ப சரி, ஓட்டு."

சேகருக்கு அப்போது ஏழு வயது. காலாண்டு லீவுக்கு வந்திருந்தான். ராஜம்மாவின் தாய் வீடு தீர்த்தமலைப் பக்கம். பள்ளிக்கூடம் அங்கேதான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. சேகர்தான் அவருக்குப் பிள்ளை. அவனைத் தூக்கிக் காருக்குள் உட்கார வைத்தார். மறுநாள் காலை பஸ்ஸில் ராஜம்மா அவனைக் கூட்டிக்கொண்டு தீர்த்தமலை போய்விட்டாள்.

அன்றைக்கு நாங்கள் எஞ்சினை இறக்கினோம். கிளச் பிளேட் கரி. ஃப்ளைவீல் முகம் மயில் கழுத்து மாதிரி நீலம். போல்ட் ஓட்டைப் பக்கம் விரிசல்.

"புதுசு கெடைக்காதுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"சீமைல இருந்து வரணுங்ணா. லைசென்ஸ் வாங்கி, கப்பல்ல ஏத்தி, அது வர்றதுக்குள்ள ரேஸு எல்லாம் முடிஞ்சு போயிரும்" என்றான் பையன்.

அண்ணன் வட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சின்னச் சுத்தியால் தட்டினார். லாரி வட்டுக்கு அப்படித்தான் பார்ப்போம். ஆழமாக உடைந்திருந்தால் செத்த சத்தம் வரும். இது கோவில் மணி மாதிரி ஒலித்தது.

"ஒண்ணும் இல்ல. மேலாப்புல விட்ட விரிசலுதான்" என்றார்.

தர்மபுரியில் காதர் பாய் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். காதர் பாய் எங்களுக்குப் பழக்கமானவர். வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாது, இது நம்ம லாரி இரும்பு மாதிரி தடி இல்லப்பா. ஒரு கட் எடுத்தா போதாது போல இருக்குது. நாலஞ்சு எடுத்தா எல மாதிரி ஆயிரும்."

"விரிசல் தெரியுது பாரு, அது போற வரைக்கும் எடு பாய்."

"யோசிச்சுக்க."

"பதினாறு டன்னு லோடு ஏத்தி கணவாய் ஏர்ற லாரிக்கே இப்பிடித்தான பண்றோம்? லாரிக்குத் தாங்கறது, இந்த பொம்ம வண்டிக்குத் தாங்காதா?"

காதர் பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கார் லாரிக்குப் பக்கத்தில் நின்றால் டயர் உயரம்கூட இல்லை. அதற்குத் தாங்காது என்று யார் நினைப்பார்கள்? லாரி எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, இது அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும், கனம் இல்லை, வேகம்தான் இரும்பைப் பிய்க்கும் என்பது எங்கள் ரோட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய வேலை அதுவரை வந்ததில்லை.

விரிசல் கண்ணுக்கு மறையும் வரை எடுத்தோம். முகம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் உள்ளே ஓட்டைப் பக்கம் விரிசல் மிச்சம் இருந்திருக்கிறது.

பழைய பிளேட்டுக்கு லாரி கிளச்சில் உரசும் லைனிங் பட்டையை வெட்டி, ரிவெட் அடித்துப் போட்டோம். எஞ்சினை ஏற்றினோம்.

4

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வண்டியைத் திறந்தவன்தான் முதல் ஓட்டம் ஓட்டுவான். கணவாய் முனியப்பன் வரைக்கும் போய், கற்பூரம் கொளுத்திவிட்டு, திரும்பி வந்து சாவியைக் கொடுக்க வேண்டும். அதுவரை சொந்தக்காரன் ஏறக் கூடாது. வேலையில் குறை இருந்தால் அது செய்தவன் தலையில் விடியட்டும் என்பதுதான்.

அந்தப் பையன் கூட வருகிறேன் என்றான்.

"வேணாங்க. வண்டி எங்க கையில இருக்குது. நீங்க டீ சாப்புடுங்க" என்றார் அண்ணன்.

"அப்ப நிமிசத்துக்கு ஆறாயிரம் சுத்து வரைக்கும் முறுக்கிப் பாருங்ணா. இந்த முள்ளு அங்க வரணும். அப்பத்தான் அது வண்டி."

"ஆறாயிரமா? எங்க லாரி ரெண்டாயிரத்துக்கே அழுவும்ங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். காலை நீட்டி உட்காரும் வண்டி. அவருக்கு அது பழக்கமில்லை. படுக்கை போட்ட மாதிரி இருக்குது என்றார்.

போனது நன்றாகப் போனது. கணவாய்க்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். நானும் அந்தப் பையனும் ரோட்டோரம் நின்றோம். ஊருக்கு வெளியே நேர் ரோடு. தூரத்தில் சத்தம் கேட்டது. மேலே மேலே போனது. எங்கள் ரோட்டில் அதுவரை யாரும் கேட்காத சத்தம்.

"முறுக்கறாருங்ணா, பாருங்க" என்று பையன் கை தட்டினான்.

அப்புறம் சத்தம் இல்லை.

நான் ஓடினேன். கார் நடு ரோட்டில் நின்றிருந்தது. கியர்பாக்ஸ் இருக்கும் இடத்தில் தகரம் பூ மாதிரி விரிந்திருந்தது. வட்டு மூன்றாக உடைந்து, ஒரு துண்டு மேலே கிழித்துக்கொண்டு ராகிக் கொல்லையில் போய் விழுந்திருந்தது. ஒரு துண்டு உள்பக்கம் வந்திருந்தது. ஓட்டுகிறவனுக்கு இடது கால்தான் அந்தப் பக்கம். கிளச் மிதிக்கிற கால்.

அதைப் பற்றி எழுதவில்லை.

அண்ணனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டன்" என்றார். "பெட்ரோலு ஒழுவுதா பாரு."

5

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். மில்காரர் மகன் ஆப்பிள் கூடையோடு ஒரு தடவை வந்தான். கட்டில் பக்கம் நின்று அழுதான். அண்ணன்தான் அவனைத் தேற்றி அனுப்பினார். காதர் பாய் வந்து கட்டில் பக்கம் உட்கார்ந்தார்.

"நான் எடுக்க முடியாதுன்னு சொல்லியிருக்கணும் மாது."

"நீ எடுக்கலன்னா சேலத்துல கொடுத்து எடுத்திருப்பன். வுடு பாய்."

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"சேகருகிட்ட என்னா சொன்ன?"

"இன்னும் சொல்லல. தீர்த்தமலைல இருக்கறான்."

"லாரி இடிச்சிருச்சுன்னு சொல்லு. வண்டி வெடிச்சுதுன்னு சொல்லாத."

"ஏண்ணா?"

"லாரி இடிக்கறது யாருக்கும் வரும். நாம போட்ட வேலை நம்ம காலை எடுக்கும்னு தெரிஞ்சா பயந்துக்குவான். அப்பறம் ஸ்பேனர தொட மாட்டான். அவன் கையில தொழில் இருக்குதுடா. நான் பாத்துட்டன். கெடுத்துராத."

சரி என்றேன். ராஜம்மாவுக்கும் சொல்லிவைத்தேன். சேகர் தீர்த்தமலையிலேயே இருந்து படித்தான். அங்கிருந்தே நேராக இங்கே வந்துவிட்டான். பெரியப்பா காலை லாரி எடுத்தது என்றுதான் அவனுக்குத் தெரியும்.

சீமையில் மெக்கானிக் வேலைக்கு அண்ணன் கால் போகும் முன்பே ஆள் வைத்து எழுதிப் போட்டிருந்தார். பேப்பர் முதலில் வந்தது அவர் பேருக்குத்தான். ஒற்றைக் காலுக்கு மெடிக்கல் பாஸ் ஆகாது. அந்தப் பேப்பரை என் பேருக்கு மாற்ற முடியுமா என்று மதராஸ் போய்க் கேட்டேன். முடியாது என்றார்கள். முதலிலிருந்து எழுதிப் போட்டேன். தொழில் தெரியும் என்று சர்டிபிகேட் கேட்டார்கள். அண்ணன் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். கைநாட்டு செல்லாது என்றார்கள். காதர் பாய் தம் லேத் பட்டறைப் பேரில் கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் வந்தேன். அண்ணன் வரவேண்டிய இடத்தில்தான் நான் இருக்கிறேன்.

இங்கே வந்த புதிதில் டிப்போவில் ஒரு பஸ்ஸைக் காட்டி கிளச் எப்படி இருக்கிறது என்று ஃபோர்மேன் கேட்டான். "ஃபினிஷ்ட்" என்றேன். தேய்ந்து போய்விட்டது என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவன் வேலை முடிந்தது என்று நினைத்து டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டான். கேட் தாண்டவில்லை. ஒரு வருஷம் என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

லைசென்ஸும் அப்படித்தான். நம்மூர் லைசென்ஸ் இங்கே செல்லாது. டெஸ்ட் எடுக்க வேண்டும். முதல் தடவை வளைவில் ஹாரன் அடித்தேன். ஃபெயில். கணவாயில் ஹாரன் அடிக்காமல் திரும்புகிறவன் வீடு போய்ச் சேர மாட்டான். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? இரண்டாவது தடவையும் கை தானாகப் போய்விட்டது. மூன்றாம் தடவை ராஜம்மா, "கையைக் கட்டிட்டு ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பினாள். பாஸ்.

6

பின்முற்றத்தில் சேகரின் ஃப்ளைவீலைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தோம். துணியால் துடைத்தான். நீலம். போல்ட் ஓட்டையிலிருந்து ஒரு விரிசல், என் சுண்டு விரல் நீளம்.

"புதுசு போடு" என்றேன்.

"வர நாளாகும் டாட். எனக்குத் திங்கட்கிழமை வேலை. என் சிநேகிதன் டேவ், அவனுடைய அண்ணன் மெஷின் ஷாப் வைத்திருக்கிறான். கேட்டு வைத்தேன். முகம் எடுத்துவிடலாம் என்கிறான். பின்பக்கமும் கொஞ்சம் எடுத்துக் கனத்தைக் குறைத்துத் தருவானாம். கனம் குறைந்தால் எஞ்சின் சட்டென்று ஏறும். ரேஸ் வண்டிக்கெல்லாம் அப்படித்தான்."

"விரிசல் இருக்குது."

"மேலேதான். விரிசல் இருந்தால் அது போகிற வரைக்கும் எடுத்துவிடலாம் என்றான்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

அதே பேச்சு. வேறு பாஷை, வேறு நாடு. அதே பேச்சு.

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"ஏன் என்று சொல்லுங்கள். எப்போதும் வேண்டாம் என்பீர்கள், ஏன் என்று சொல்ல மாட்டீர்கள். இது பஸ் இல்லை டாட். உங்களுக்கு பஸ்ஸும் லாரியும்தான் தெரியும்."

அவன் வட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் போனான். டேவின் அண்ணன் கடை இரண்டு தெரு தள்ளித்தான். வார்த்தை சொன்னால் அண்ணனுக்குக் கொடுத்த பேச்சு போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நான் ரோட்டில் பார்த்திருக்கிறேன்.

"உங்க பெரியப்பா கால லாரி இடிக்கல" என்றேன்.

நின்றான்.

தமிழில்தான் சொன்னேன். இங்கிலீஷில் எனக்கு அதற்குப் பேச்சு இல்லை. பச்சைக் கார். விரிசல். காதர் பாய். அது போகிற வரைக்கும் எடு என்று அண்ணன் சொன்னது. நேர் ரோடு. ஆறாயிரம். நீளமாகச் சொல்லவில்லை. ராஜம்மா துணி காயப்போட வந்தவள் வாளியோடு அப்படியே நின்றாள்.

சேகர் சாக்கைக் கீழே வைத்தான்.

"நான் அந்த சீட்டில் உட்கார்ந்தேன்" என்றான்.

"ஆமா."

"காலை எங்கே வைத்தேனோ, அங்கே."

"ஆமா."

"இத்தனை வருஷம் சொல்லவில்லை."

"சொல்ல வேணாம்னாரு. நீ பயந்துக்குவன்னாரு."

அவன் ராஜம்மாவைப் பார்த்தான். "உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் வீட்டுக்குள் போனான். கை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

7

புது ஃப்ளைவீலுக்கு அவனே போன் பண்ணினான். கடலோரப் பட்டறைக்கும் போன் பண்ணி ஒரு வாரம் தள்ளிக் கேட்டான். சரி என்றார்கள்.

வட்டு வந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றி, மரப்பெட்டியில். நல்ல சாமான். இருவரும் சேர்ந்து போட்டோம். ஸ்பேனர் கேட்டால் வந்தது. ஆனால் கேட்க வேண்டியிருந்தது.

வண்டி கீழே இறங்கியது. சேகர் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீங்கள்தானே திறந்தீர்கள். அங்கே அப்படித்தானே" என்றான்.

இன்ஷூரன்ஸ் அவன் பேரில் மட்டும்தான். போலீஸ் நிறுத்தியிருந்தால் மூன்று தடவை டெஸ்ட் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் போயிருக்கும். வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வெளியே நால்வழி ரோட்டில் ஏற்றினேன். முள் நாலாயிரம் போயிற்று. ஐயாயிரம். என் இடது கால் பெடலை விட்டுத் தானாகப் பின்னால் சீட்டுப் பக்கம் ஒதுங்கியது. இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். ஆறாயிரம். எஞ்சின் பட்டு மாதிரி சுற்றியது. அப்படி ஒரு வண்டியை நான் ஓட்டியதில்லை. அண்ணனுக்கு அது கடைசிக் கொஞ்ச நேரம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன்.

"நல்லா இருக்குது. எடுத்துட்டுப் போ."

போனான். சீக்கிரமே திரும்பி வந்தான். நடந்து. வண்டியைக் காணோம்.

"என்னாச்சு? வழுக்குதா?"

"இல்லை. சரியாக இருக்கிறது. தெரு முனையில் நிறுத்தியிருக்கிறேன்."

"அப்பறம்?"

அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"காலுக்குப் பக்கத்தில் அது சுற்றுவது தெரிகிறது டாட். முன்னே தெரியவில்லை."

"புதுசுடா அது. ஒண்ணும் ஆகாது."

"தெரியும். நானேதான் போல்ட் போட்டேன். அதனால்தான்."

அடுத்த நாளும் எடுத்துப் பார்த்தான். அதற்கடுத்த நாளும். மூவாயிரத்துக்கு மேல் அவனால் மிதிக்க முடியவில்லை. கடலோரப் பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதினான், வரவில்லை என்று. என்னிடம் காட்டவில்லை. தபாலில் போடும்போது ராஜம்மா பார்த்தாள்.

8

கார் ஒரு மாதம் முற்றத்தில் நின்றது. ஒரு கல்லூரிப் பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான். புது ஃப்ளைவீலா என்று சந்தோஷப்பட்டான்.

சேகர் இப்போது வடக்கே ஒரு ஊரில் மளிகைக் கம்பெனி கிடங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிறான். சுத்தமான சட்டை. நகத்தில் கறுப்பு இல்லை. பண்டிகைக்கு ரயிலில் வருவான். என் கார் மக்கர் பண்ணினால் மூடியைத் திறந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அவன் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருப்பான். முன்னே கையை நீட்டினால் ஸ்பேனர் வந்தது என்று சொன்னேன். அது எனக்கு மட்டும் பெரிய விஷயமாக இருந்திருக்கலாம்.

கோபம் என்று ஒன்றும் அவன் காட்டவில்லை. காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"காலு ரெண்டும் இருக்குதுங்க. அது போதும்" என்கிறாள் ராஜம்மா. போதும்தான். ஆனால் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடந்தது. அவர் என் பையனை என்னைவிட நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார்.

அண்ணன் யாரிடமாவது சொல்லிக் கடிதம் எழுதுவார். கால் போன பிறகு அவர் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலைதான் செய்தார். வால்வு தேய்ப்பது, பிரேக் லைனிங் ஒட்டுவது. அதைப் பற்றி எழுத மாட்டார். மழை, ராகி விலை, அண்ணிக்கு முட்டி வலி, அப்புறம் கடைசியில் ஒரு வரி எப்போதும் இருக்கும். சேகரு வண்டி வேலதான பாக்கறான்?

கார் விற்ற அந்த மாதமும் கடிதம் வந்தது. அந்த வரி இருந்தது. நான் கொஞ்ச நாள் பதில் போடவில்லை. அப்புறம் எழுதினேன். பார்க்கிறான், ரேஸ் வண்டி வேலை, கடலோர ஊரில், நல்ல பேர் என்று எழுதினேன்.

அண்ணன் போன பிறகு அண்ணி எழுதச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. கடைசி நாட்களில் அவர் டீக்கடைப் பெஞ்சில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, நிற்கிற லாரிக்காரர்கள் எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணி சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

"எம் பையன் சீமைல ரேஸு வண்டிக்கு எஞ்சினு கட்டறான். பயம்னா என்னான்னே தெரியாதுங்க அவனுக்கு."